தாழம்பூ சாட்சி

"டென்னிஸ் ஆட இலங்கைக்குப் போகிறேன்" என்று நான் சொன்னதும் அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தாறு வயசு; இரண்டு குழந்தைகள்; வலது முழங்காலில் அவ்வப்போது ஒரு பிடிப்பு. இந்த லட்சணத்தில் உனக்குப் பந்தாட்டம் ஒரு கேடா என்று அவள் வாய் கேட்கவில்லை. கண் கேட்டது.

2024 ஏப்ரல் மாதம். திருவண்ணாமலையில் ராஜகோபுர வாசல் கல்லில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கால் வைத்தவர்களுக்கு அந்த மாதத்தின் மகிமை தெரியும். அந்த வெயிலிலிருந்து என்னை நுவரெலியாவின் குளிருக்குக் கூப்பிட்டவள் என் காலேஜ் சிநேகிதி. மலையகத் தமிழ்ப் பெண். உபகாரச் சம்பளம் பெற்றுச் சென்னைக்கு வந்து என்னோடு படித்தவள். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "ஏப்ரல் சீசனில் கிளப் ஒன்றில் சின்னப் பந்தயம். டபிள்ஸில் என் ஜோடிக்காரிக்குக் கை பிசகிவிட்டது. நீ வா. வரும்போது தீப மை கொண்டு வா" என்று எழுதியிருந்தாள்.

கார்த்திகைத் தீபம் மலைமேல் பதினோரு நாள் எரிந்து முடிந்தபின் கொப்பரையைக் கீழே இறக்குவார்கள். அதில் படிந்த மையைத்தான் ஆருத்ரா தரிசனத்தின்போது பிரசாதமாகக் கொடுப்பது. அம்மா அதை யாருக்கும் லேசில் தரமாட்டாள். ஆனால் சிநேகிதியின் பேரைச் சொன்னதும் டப்பாவைத் திறந்து பாதியைப் பொட்டலம் கட்டினாள். அவள் முன்னோர்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். எந்தக் கிராமம் என்பது அவர்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

புறப்படுவதற்கு முதல் நாள் கோயிலுக்குப் போனேன். கர்ப்பக்கிருகத்தைச் சுற்றி வரும்போது பின்புறத்துச் சுவரில் இருக்கிறாரே லிங்கோத்பவர், அவர் முன்னால் நிற்பது எனக்குப் பதினாறு வருஷமாகவே கொஞ்சம் சங்கடம். அடிமுடி தேடிய கதை எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குத் தாலாட்டோடு வந்த கதை. முடியைக் காணாத பிரம்மா, கண்டதாகப் பொய் சொன்னார். உச்சியிலிருந்து விழுந்து கொண்டிருந்த தாழம்பூ, "ஆமாம், கண்டார்" என்று சாட்சி சொல்லிற்று. பிரம்மாவுக்குக் கோயில் போயிற்று. தாழம்பூவுக்குப் பூஜை போயிற்று. பிரம்மாவாவது தம் பெருமைக்காகச் சொன்னார். பாவம், அந்தப் பூவுக்கு அதில் என்ன லாபம் என்று சின்ன வயசில் பாட்டியைக் கேட்டிருக்கிறேன்.

காலேஜில் கடைசி வருஷம், டபிள்ஸ் பைனல். நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. கடைசி கேமில் எதிராளி அடித்த பந்து என் பக்கத்து மூலையில் கோட்டின் மேலேயே விழுந்தது. நன்றாகப் பார்த்தேன். "அவுட்!" என்று கத்தினேன். நடுவருக்குச் சரியாகத் தெரியவில்லை. சிமெண்ட் தரை, பந்து தடம் வைத்துவிட்டுப் போகாது. அவர் என் சிநேகிதியைப் பார்த்து, "நீ பார்த்தாயா, அம்மா?" என்றார். அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

ஜெயித்தோம். கோப்பையை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, "நீயே வைத்துக்கொள்" என்றாள். வெகு காலம் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக் கொண்டிருந்தேன். அந்தக் கோப்பை இன்றைக்கும் திருவண்ணாமலை வீட்டு அலமாரியில் இருக்கிறது. அம்மா அதில் பட்டன்களும் ஊக்குகளும் போட்டு வைத்திருக்கிறாள்.

என் அப்பா ராமநாதன் கிருஷ்ணனின் பக்தர். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரை இறுதி வரை போன நம் ஊர்க்காரர். இரண்டு தடவையும் அவரை வென்றவர்களே, முதலில் நீல் பிரேசர், அடுத்து ராட் லேவர், அந்தந்த வருஷத்துப் பட்டத்தையும் பெற்றார்கள். "தோற்றாலும் சாம்பியனிடம் தோற்க வேண்டும்" என்பார் அப்பா. அந்தப் பைனலைப் பற்றி அவர் கேட்டபோது ஸ்கோரை மட்டும் சொன்னேன்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு ஆகாய மார்க்கமாக ஒன்றேகால் மணி நேரம். காபி குடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். அங்கிருந்து ரெயில், தேயிலைச் சரிவுகளின் ஊடாக நானுஓயா வரை. ஸ்டேஷனில் அவள் கம்பளிச் சட்டையோடு நின்றாள். முகத்தில் பதினாறு வருஷம், சிரிப்பில் ஒன்றுமில்லை.

அவளுடைய தாத்தாவுக்கும் டென்னிஸுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை அன்று இரவுதான் சொன்னாள். தோட்டத்துத் துரைமார் கிளப்பில் அவர் பந்து பொறுக்கும் பையனாக இருந்தாராம். துரைகள் தூக்கிப்போட்ட பழம் பந்துகளை வீட்டுக்குக் கொண்டு வருவாராம். மட்டையைத் தொடும் பாத்தியதை மட்டும் இல்லை. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் தாத்தாவின் தம்பி நீலகிரிக்குப் போனார். தாத்தா இங்கேயே தங்கினார். ஒரே லயத்து வீடு இரண்டு தேசமாயிற்று. 2023-இல், மலையக மக்கள் வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் இவளும் சில நாள் நடந்திருக்கிறாள். "எங்கள் ஆட்கள் காட்டு வழியில் நடந்தது அந்தப் பாதைதான். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை" என்றாள். தீப மையைப் பிரித்து நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு, மீதியைத் தாத்தாவின் படத்தடியில் வைத்தாள்.

நுவரெலியா 6,000 அடிக்கு மேல். எங்கள் அண்ணாமலை 2,668 அடி. அங்கே ஊருக்குப் பின்னால் நிற்கும் பிதுருதலாகலை 8,281. உயரத்தில் காற்று லேசு. தரையில் பழகிய கையால் அடித்தால் பந்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது. 4,000 அடிக்கு மேற்பட்ட ஊர்களுக்கென்று தனிப் பந்தே செய்கிறார்கள் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. முதல் நாள் நான் அடித்ததில் பாதி வேலியில் போய் விழுந்தது.

இருந்தும் முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். எப்படி என்று கேட்காதீர்கள். இரண்டாவதில் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பெண்மணிகள். ஒருவர் பாட்டியாகிவிட்டவர், வலையருகே வந்தால் புலி. தலா ஒரு செட். பத்துப் பாயிண்டு வரை ஆடும் டை-பிரேக்கில் 8-9. எங்களுக்கு எதிராக மேட்ச் பாயிண்டு. இப்படிப்பட்ட சிறு பந்தயங்களில் நடுவர் கிடையாது. தன் பக்கம் விழுந்த பந்தைத் தானே சொல்ல வேண்டும். ஜோடிக்குள் அபிப்பிராய பேதம் வந்தால் பாயிண்டு எதிராளிக்கு.

பாட்டி அம்மாள் உயரத் தூக்கி அடித்தார். பந்து என் பின்னால் போயிற்று. திரும்பிப் பார்த்தேன், கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை. சத்தியமாக வெளியே. விரலைத் தூக்கப் போகிறேன், "குட்!" என்று சிநேகிதியின் குரல் கணீரென்று கேட்டது.

முடிந்தது. "வேண்டுமானால் தடத்தைப் பார்க்கலாமே" என்றார் அந்த அம்மாள், பெரிய மனசோடு. செம்மண் தரை, தடம் வெண்ணெயில் பதிந்தது போல் கிடந்தது. சிநேகிதி அதற்குள் கை குலுக்க வலையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் போய், ஷூவால் அந்தத் தடத்தை மெதுவாகத் தேய்த்துவிட்டு வந்தேன்.

இரவு கணப்படுப்பின் அருகே பிளேன்டீ குடித்துக் கொண்டிருந்தோம். "அது அவுட்தானே?" என்றாள் திடீரென்று.

"தூறலில் சரியாகத் தெரியவில்லை."

"உனக்குப் பொய் சொல்ல வராதுடி. காலேஜிலும் வரவில்லை" என்று சிரித்தாள். பிறகு, "அன்றைக்கு நான் பந்தையே பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன்" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னித்துக்கொள் என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, "அந்தக் கோப்பை இருக்கிறதா?" என்றாள்.

"இருக்கிறது."

"அனுப்பி வை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு ஒரு பந்தயம் நடத்தலாமென்று இருக்கிறேன். பந்து கொடுக்க ஆள் இருக்கிறது, கோப்பைக்குத்தான் காசில்லை."

ஊருக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன, ஜெயித்தாயா?" என்பதுதான். தேயிலைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, பட்டன்களுக்கு வேறு டப்பா தேடச் சொன்னேன்.