தனித் தட்டு

2016-இல் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று சாயங்காலமே நான் கடைக்குப் போய் ஒரு சின்ன குக்கர் வாங்கி வந்தேன். இரண்டு லிட்டர் குக்கர். இனி அவருக்குத் தனிச் சமையல் என்று முடிவு செய்துவிட்டேன். அக்கறையோடு எடுத்த முடிவுதான். ஆனாலும் குடும்பம் நடத்திய இத்தனை வருடத்தில் நான் செய்த பெரிய தவறுகளில் அதுவும் ஒன்று. இன்று எனக்கு 72 வயது. நான் செய்த தவறை இன்னொரு வீட்டில் யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரை அண்ணா நகரில். மகன், மருமகள், பேத்தி, நாங்கள் இருவர் என்று ஐந்து பேர். காலையில் நாங்கள் நால்வரும் இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி சாப்பிடுவோம். அவருக்கு ஓட்ஸ் கஞ்சி. மதியம் எங்களுக்குச் சோறு, புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். அவருக்கு இரண்டு சப்பாத்தியும் உப்புக் குறைத்து அவித்த காயும். ராத்திரி கோதுமை ரவை உப்புமா. மனிதர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார். பத்தியம் நன்றாக நடக்கிறது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பேத்தி கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. "அப்பத்தா, தாத்தா என்ன தப்புப் பண்ணாரு? அவருக்கு மட்டும் ஏன் வேற சாப்பாடு?" உடம்புக்கு முடியாததால் அப்படி என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். குழந்தையின் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. காலை வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனையில் அளவு ஓரளவு கட்டுக்குள்தான் வரும். ஆனால் ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கை மொத்தமாகச் சொல்லிவிடும். 5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. அவருக்கு 8.9 வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, வீட்டுச் சாப்பாடு மட்டும்தானா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் சத்தம் போடவில்லை. திண்ணையில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். சாயங்காலம் தெப்பக்குளத்தில் நடந்து முடித்துவிட்டுக் கூட்டாளிகள் நாலு பேரோடு பரோட்டா கடைக்குப் போவாராம். வாரத்தில் நான்கு நாள். "பரோட்டாவுக்காகப் போகல. அங்கே எல்லார் இலையில என்ன இருக்கோ, அதுதான் என் இலையிலயும் இருக்கும்" என்றார்.

எனக்குப் பதில் பேச வரவில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. நோய்க்கு மருந்து கொடுப்பதாக நினைத்து, நாற்பது வருடம் என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்ட மனிதரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறேன். நாவை அடக்கத் தெரியாதவர் இல்லை அவர். வீட்டுக்குள்ளேயே தனியாகிப் போனவர்.

மறுநாள் காலையில் அந்தச் சின்ன குக்கரைப் பரணில் ஏற்றினேன். மகனையும் மருமகளையும் உட்கார வைத்துச் சொன்னேன்: இனி இந்த வீட்டில் ஒரே உலைதான். அவர் சாப்பிடக் கூடியதை நாம் எல்லோரும் சாப்பிடப் போகிறோம். மகன் தயங்கினான். "எங்களுக்கு எதுக்கும்மா பத்தியம்?" என்றான். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம், உனக்கும் நாற்பது நெருங்குகிறது என்று எடுத்துச் சொன்னேன். மருமகள் உடனே சரி என்றாள். "அத்தை, ஆபீஸ்ல எடுத்த செக்கப்புல எனக்கும் பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லலை" என்றாள். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் நோய் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பரிசோதித்துப் பார்த்தது ஒருவரை மட்டும்தான்.

என்ன மாற்றினேன் என்று விவரமாகவே சொல்கிறேன். ஐந்து பேருக்கு மதியம் மூன்று ஆழாக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். அதை இரண்டாக்கினேன். அரைக் கிலோ காய் வாங்கிய இடத்தில் ஒரு கிலோ வாங்கினேன். எங்கள் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்போம். அதுவரை மலையாகச் சோறும் ஓரத்தில் துளி வெஞ்சனமும் இருந்தன. இப்போது தட்டில் பாதிக்கு மேல் கீரையும் காயும்; மீதியில்தான் சோறும் பருப்பும். முதலில் காயைச் சாப்பிட்டு, அப்புறம் சோற்றுக்கு வரவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். காயின் நார் முன்னால் போய்விட்டால், பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். பொன்னி அரிசியை விடவில்லை, இட்லியையும் விடவில்லை. ஐந்து இட்லி மூன்றானது. கூடவே ஒரு கிண்ணம் சாம்பார், காய் நிறையப் போட்டு.

அதற்கு உழவர் சந்தை கைகொடுத்தது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14-ஆம் தேதி எங்கள் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். காலை ஆறு மணிக்குப் போனால் அரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பனி ஈரத்தோடு கிடைக்கும். சீனியவரைக்காய், புடலை, பீர்க்கு, சுரைக்காய் என்று ஏழு நாளுக்கு ஏழு காய். காய் பிஞ்சாக இருந்தால் எண்ணெய் குறைவாகவே பிடிக்கும். முற்றின காயைத்தான் எண்ணெய் ஊற்றி வதக்கி ஏமாற்ற வேண்டியிருக்கிறது.

எண்ணெய்க்கும் உப்புக்கும் ஒரு கணக்கு வைத்தேன். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும் என்பார்கள். ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். டின்னைத் திறக்கும் நாளில் அதன் மேலேயே தேதியை எழுதி வைத்தேன். முதல் மாதம் ஐந்து லிட்டர் டின் இருபத்தெட்டே நாளில் காலியாகிவிட்டது. அந்தத் தேதியைப் பார்த்தபோது என் கையையே நம்ப முடியவில்லை. நான் தாராளமாக ஊற்றுகிறவள் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, ஸ்பூனால் அளந்து ஊற்ற ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் அதே டின் இரண்டு மாதம் வந்தது. உப்பும் அப்படித்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து பேருக்கு மாதம் 750 கிராம். எங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் போதாமல் இன்னொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஊறுகாயிலும் அப்பளத்திலும் மோர் மிளகாயிலும் போகும் உப்பு அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

உப்பைக் குறைத்த இடத்தில் ருசியையும் குறைத்துவிட்டால் ஒருவரும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். நான் எலுமிச்சையைக் கூட்டினேன். மிளகும் சீரகமும் அன்றன்றைக்கு வறுத்துப் பொடித்தேன். பொரியலை இறக்கும் நேரத்தில் பூண்டைத் தட்டிப் போட்டேன். ஒரு மாதத்துக்குள் நாக்கு பழகிவிட்டது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த மகன், "குழம்புல உப்பு ஜாஸ்திம்மா" என்றான். குழம்பு என்றைக்கும் போலத்தான் இருந்தது. மாறியிருந்தது அவன் நாக்கு.

2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. கடைகளெல்லாம் சாமை, தினை, வரகு, குதிரைவாலி என்று நிறைந்தன. நல்ல தானியங்கள்தான். எங்கள் அம்மா காலத்தில் அன்றாடம் சமைத்தவைதான். நானும் சந்தோஷமாக வாங்கிச் சமைத்தேன். ஆனால் ஒரு பிழை செய்தோம். சாமைதானே, மருந்துதானே என்று அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், நானும் பரிமாறினேன். சாப்பாட்டுக்குப் பின் பார்த்த சர்க்கரை எகிறியிருந்தது. அரிசி 100 கிராமில் மாவுச்சத்து 75 கிராமுக்கு மேல் என்றால், சாமையிலும் 65 கிராம் அளவுக்கு இருக்கிறது. நாரும் மற்ற சத்துகளும் கூடுதல் என்பது உண்மை. அதற்காக அளவு இல்லாமல் சாப்பிட முடியாது. தானியம் மாறினாலும் கரண்டிக் கணக்கு மாறக் கூடாது.

இப்போது அவருடைய கூட்டாளிகள் விஷயத்துக்கு வருகிறேன். வெளியே சாப்பிடுவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒளித்துப் போவதை மட்டும் விடச் சொன்னேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஐந்து நண்பர்களும் அவரவர் மனைவியோடு வெளியே சாப்பிடுவது என்று ஆனது. அதில் முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. ராத்திரி நன்றாகச் சாப்பிடலாம் என்று அவர் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டார். ஆறு மணிக்குத் தெப்பக்குளப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. நான் பதறி நின்றேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் மட்டும் பதறவில்லை. எதிரே டீக்கடைக்கு ஓடி, மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி வந்து, "குடிங்கண்ணே, மெதுவா" என்று வாயில் பிடித்தார். கால் மணி நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. சர்க்கரை குறைந்துவிடுவதுதான் அந்த நேரத்தில் பெரிய ஆபத்து என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விருந்துக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். மாத்திரை போடுகிறவர்கள் ஒரு வேளையும் விடக் கூடாது.

அவருடைய சாப்பாட்டுக்கு எதிரி என்று நான் நினைத்திருந்த கூட்டாளிதான் அன்று அவர் உயிரைக் காத்தார். அதன்பின் அந்தக் கூட்டாளிகளை என் வீட்டு ஆட்களாகவே நினைக்கிறேன். எல்லோரிடமும் அவருக்கு என்ன, எந்த மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கும் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு பிளேட் என்று சொல்வதில்லை. ஒரு கறிதோசையை மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறோம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லாமல் பாதியைச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, பசி இருந்தால் மீதி. ஜிகர்தண்டா ஒரு கிளாஸ், நாலு ஸ்பூன். முடித்த பிறகு தெப்பக்குளத்தை ஒரு சுற்று. அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். பேசிக்கொண்டே நடந்தால் தூரம் தெரிவதில்லை. "உங்களுக்குத்தான் சுகராச்சே, இதைச் சாப்பிடலாமா?" என்று நாலு பேர் முன்னால் யாரும் கேட்பதில்லை. "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்று வற்புறுத்துவதும் இல்லை. நம் ஊரில் இந்த இரண்டையும் அன்பு என்று நினைத்துச் செய்கிறோம். இரண்டுமே சாப்பிடுகிறவரின் மனதை நோகடிக்கும்.

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் மருந்து. ஆசிரியையாக இருந்தபோது அதை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அந்தப் பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார் வள்ளுவர்: முன் உண்டது செரித்ததா என்று பார், பசித்துச் சாப்பிடு, அளவறிந்து சாப்பிடு. கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காவது ஆளை மருந்து எடுத்துக் கொடுப்பவர் என்றே நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தேன். என் வீட்டுக்காரருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதையே நானும் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தில் இருப்பது என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது.

போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அவருக்கு 6.9. டாக்டர் சரி என்றார். உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு மட்டும் தனிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தால், இன்று ராத்திரியே அதை இறக்கி வைத்துவிடுங்கள். அவருக்கு ஆகாதது உங்களுக்கும் அவ்வளவாக ஆகாது. அவருக்கு நல்லது உங்களுக்கும் நல்லது. எங்கள் பேத்திக்கு இப்போது 14 வயது. சாப்பாட்டு நேரத்தில் ஐந்து தட்டையும் அவள்தான் எடுத்து வைக்கிறாள். எது யாருடைய தட்டு என்று அவள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை.