வடக்குக் கோடி

போர்ட்லண்ட் டிம்பர்ஸ் அணி சொந்த ஊரில் ஆடும்போது ஒரு கோல் போட்டுவிட்டால், கோல் வலைக்குப் பின்னாலிருந்து இயந்திர ரம்பம் உறும ஆரம்பிக்கும். ‘டிம்பர் ஜோயி’ என்று ஊரே அழைக்கிற மனிதர், படுக்க வைத்திருக்கும் பெரிய மரக்கட்டையிலிருந்து ஒரு வட்டத் துண்டை அறுத்தெடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். மரத்தூள் பறக்கும். புகை நெடியும் ஈர மரத்தின் வாசனையும் முன்வரிசைகள் வரை வந்து சேரும். ஆட்டம் முடிந்ததும் அந்தத் துண்டு கோல் போட்டவர் கைக்குப் போகும். கடைசிவரை ஒரு கோல்கூட விடாமல் காத்த கோல்கீப்பருக்கும் ஒரு துண்டு உண்டு. வியர்வை வழிய அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீரர்கள் வடக்குப் பக்க ரசிகர்கள் முன்னால் வந்து நிற்பார்கள்.

எந்த விளம்பரக் கம்பெனியும் உட்கார்ந்து யோசித்துக் கொடுத்த வழக்கமில்லை இது. 1978இல் ஜிம் செரில் என்ற மரம்வெட்டி, என் ரம்பத்தை மைதானத்துக்குக் கொண்டுவரட்டுமா என்று நிர்வாகத்திடம் கேட்டார். சரி என்றார்கள். ஓரிகன் மரம் வெட்டிப் பிழைத்த மாநிலம். அணியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஊருக்கு அது பொருந்திப்போனது. அந்தப் பழைய அணி 1982இல் கலைந்தது. 2001இல் கீழ்நிலை லீகில் அதே பெயரில் மறுபடி எழுந்தது. 2011இல் எம்.எல்.எஸ். எனப்படும் மேஜர் லீக் சாக்கருக்குள் நுழைந்தது. லீகுகள் மாறின, முதலாளிகள் மாறினார்கள், மைதானத்தின் பெயரே பலமுறை மாறியது. ரம்பத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

2004இல் ஜிம்மின் மகள் கார் விபத்தில் இறந்துபோனாள். மகளைப் பறிகொடுத்த அந்த அப்பா மைதானத்துக்குத் திரும்பி வந்து, ‘யூ ஆர் மை சன்ஷைன்’ என்ற பழைய பாட்டைப் பாடினார். கூட்டமும் சேர்ந்து பாடியது. அன்று பிடித்துக்கொண்டதுதான், இன்றைக்கும் 80ஆம் நிமிடம் வந்தால் அந்தப் பாட்டு எழும். அணி ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, மூன்று கோல் வாங்கித் தலை குனிந்திருந்தாலும் சரி. ஜிம் 2008இல் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ரம்பம் பிடித்து ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள் ஸ்கார்ஃபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையில் பாடுகிறார்கள். வெற்றி தோல்வியைத் தவிர வேறெதற்கும் நேரமில்லாத விளையாட்டு உலகத்தில், ஒரு வீட்டுத் துக்கத்துக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிற கூட்டம் இது. அதனால்தான் எனக்கு இவர்கள் மேல் மரியாதை.

நான் இருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்து நீலத் தடத்து ரயிலில் ஏறினால் மைதானத்து வாசலிலேயே இறங்கலாம். இன்டெல் நிறுவனத்தால் இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. சனிக்கிழமை காலையில் பூங்காக்களில் கிரிக்கெட் மட்டை சத்தம்தான் கேட்கும். சாயங்கால ரயிலில் பச்சை ஸ்கார்ஃப் போட்ட தமிழ் முகங்களும் இப்போது தென்படுகின்றன. பிள்ளைகள்தான் முதலில் போக ஆரம்பித்தார்கள். பெற்றோரைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

இறங்கிப் பார்த்தால், அமெரிக்காவில் வழக்கமாகக் காண்கிற, ஏக்கர் கணக்கான கார் நிறுத்தங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் அரங்கம் அல்ல இது. தெருக்களுக்கு நடுவே, பள்ளத்தில் பதித்தாற்போல இருக்கிறது. 1926இல் கட்டியது. 1977 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காக பெலே தன் கடைசி அதிகாரபூர்வப் போட்டியை ஆடியது இங்கேதான். சியாட்டிலை 2-1 என்று வென்று கோப்பையோடு போனார். அடுத்த மாதமே அதே காஸ்மாஸ் அணியோடு கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானுக்கு எதிராக இறங்கினார். நம்மூர் நாளிதழ்களில் பெலேயின் படம் பார்த்துப் பரவசப்பட்ட தலைமுறைக்கு இந்த மைதானம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

வடக்குக் கோடியில் ‘டிம்பர்ஸ் ஆர்மி’ நிற்கிறது. 2001இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு தொடங்கிய கூட்டம், இன்று அந்தக் கோடி முழுக்கப் பரவிவிட்டது. அங்கே இருக்கை எண் கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் இடம். நாற்காலி இருந்தாலும் உட்காருபவர் இல்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை நின்றுகொண்டே பாட்டு.

அங்கே நான் அதிகம் கவனிப்பது கேப்போக்களை. பாட்டை எடுத்துக் கொடுப்பவர்களுக்கு அந்தப் பெயர். கூட்டத்துக்கு முன்னால் உள்ள சின்ன மேடையில் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் முகத்தைப் பார்த்துதான் ஆட்டம் எப்படிப் போகிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருநாள் நான் நின்ற வரிசைக்கு நேர் எதிரே ஒரு பெண் கேப்போ. இரண்டாம் பாதியில் அவர் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. குரலே இல்லை, உதடு மட்டும் அசைகிறது. கையால் தாளம் காட்டிக்கொண்டே இருந்தார். டிரம்காரர் அந்தக் கையைப் பார்த்து அடித்தார். கூட்டம் டிரம்மைக் கேட்டுப் பாடியது. திடீரென எங்கள் கண்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. கோல் விழுந்துவிட்டது என்பதை அவர் எங்கள் முகத்தில்தான் படித்தார். சிரித்தார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பாட்டுக்குக் கையை உயர்த்திவிட்டார். இதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது.

‘டிஃபோ’வும் அப்படித்தான். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பகுதி முழுவதையும் மூடுகிற அளவுக்கு எழுந்து, சில நிமிடங்களில் இறங்கிவிடும் ராட்சதப் படம் அது. ரசிகர்கள் தங்கள் கைக்காசில் துணி வாங்கி, பெயின்ட் வாங்கி, ஒரு கிடங்கின் தரையில் விரித்து, வேலை முடிந்து வந்த இரவுகளில் முட்டிபோட்டு வரைகிறார்கள். கிட்டத்தில் நின்றால் வெறும் சிவப்புப் பரப்பு. அது கண்ணா கன்னமா என்று வரைபவருக்கே தெரியாது. நான்கு நிமிடம் தூக்கிப் பிடிக்கிற படத்துக்கு இத்தனை உழைப்பா என்று கேட்கலாம். இத்தனை பேர் உழைத்ததால்தான் அந்த நான்கு நிமிடத்தில் வடக்குக் கோடியில் நிற்கிற எவரும் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை.

இந்த நாட்டின் மற்ற பெரிய விளையாட்டுகளுக்குப் போனவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே உறைக்கும். அங்கே எப்போது கத்த வேண்டும் என்று ராட்சதத் திரை சொல்லும், கூட்டம் கத்தும். கால்பந்தையும் அந்த அச்சில் வார்க்கத்தான் முதலில் பார்த்தார்கள். 1996இல் எம்.எல்.எஸ். தொடங்கியபோது கடிகாரம் பின்னோக்கி ஓடியது. ஆட்டம் சமனில் முடிந்தால் அமெரிக்கர்களுக்குப் பிடிக்காது என்று, 35 கெஜத்திலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஓடிவந்து அடிக்கும் ஒரு முறையை வைத்தார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் போய்விட்டன.

அதே 1996இல் வாஷிங்டனின் ஆர்.எஃப்.கே. மைதானத்தில் ‘பர்ரா பிராவா’ என்ற ரசிகர் கூட்டம் டிரம் அடித்துக் குதித்துக்கொண்டிருந்தது. பொலிவியாவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் குடியேறியவர்கள் உயிர்கொடுத்த கூட்டம். அவர்கள் குதித்த குதியில் அந்த இருக்கைப் பகுதியே மேலும் கீழும் ஆடியது. அமெரிக்க ரசிகர்கள் ஐரோப்பாவைக் காப்பியடிக்கிறார்கள் என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். குடிவந்தவர்கள் மூட்டையோடு கொண்டுவந்த தாளம்தான் இங்கே முதலில் அதிர்ந்தது. அதற்குரிய மரியாதை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் இந்தக் கூட்டங்களின் தலைக்கு மேல் எப்போதும் ஒரு கத்தி தொங்குகிறது. இங்கே அணி என்பது முதலாளியின் சொத்து; வேறு ஊரில் லாபம் தெரிந்தால் பெயர்த்துக்கொண்டு போகலாம். 2005 சீசன் முடிந்ததும் சான் ஹோசே அணியின் வீரர்களும் பயிற்சியாளர்களும் அப்படியே ஹூஸ்டனுக்குப் போனார்கள். 2017 அக்டோபரில் அதே ஆபத்து ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸுக்கு வந்தது. கொலம்பஸ் குரூ, 1996இல் லீகைத் தொடங்கிய பத்து அணிகளில் ஒன்று. லீகில் கால்பந்துக்கென்றே கட்டிய முதல் மைதானமும், 1999இல், அதனுடையதுதான். உரிமையாளர் அந்தோனி பிரிகோர்ட் அதை டெக்ஸாஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகும் திட்டத்தோடு இருந்தார். 2013இல் அணியை வாங்கியபோதே, ஊர் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையில் ஆஸ்டினுக்கு மட்டும் விலக்கு வாங்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது.

ரசிகர்கள் ‘சேவ் த குரூ’ என்று கிளம்பினார்கள். நகர மண்டபத்தின் முன்னால் கூடினார்கள். கடை கடையாக ஏறி ஆதரவு கேட்டார்கள். மற்ற ஊர் ரசிகர்களும், ஆஸ்டினில்கூடச் சிலர், அவர்கள் பக்கம் பேசினார்கள். 1996இல், கிளீவ்லண்டின் அமெரிக்கக் கால்பந்து அணி ஊரைவிட்டுப் போன கோபத்தில் ஒஹாயோ இயற்றிய சட்டம் ஒன்று கைகொடுத்தது: பொதுப்பணத்தின் உதவி பெற்ற அணி, ஆறு மாத அவகாசம் தந்து, உள்ளூர்க்காரர்கள் வாங்குவதற்கு வாய்ப்புத் தராமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் மாநிலமும் நகரமும் வழக்குப் போட்டன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஹாஸ்லம், எட்வர்ட்ஸ் குடும்பங்கள் முன்வந்தன. 2019 தொடக்கத்தில் அணி அவர்கள் கைக்கு வந்தது. 2020இல் குரூ சாம்பியன். 2021இல் ஊருக்கு நடுவே புது மைதானம். 2023இல் மறுபடி சாம்பியன். பிரிகோர்டுக்கு ஆஸ்டினில் புதிதாகவே ஓர் அணி கிடைத்தது. அங்கேயும் பச்சைச் சட்டைக் கூட்டம் ஒன்று டிரம் அடிக்கிறது. யாருடைய வாயிலும் மண் விழவில்லை. ஊர் கூடினால் தேரை இழுக்கவும் முடியும், அடுத்தவன் இழுத்துக்கொண்டு போகாமல் நிறுத்தவும் முடியும் என்று அந்த ஊர் காட்டிவிட்டது.

லீகின் தலைமையகத்தோடு போர்ட்லண்டும் மோதியிருக்கிறது. 2019இல் எம்.எல்.எஸ்., அரங்குகளில் அரசியல் சின்னங்கள் கூடாது என்று விதி போட்டு, மூன்று அம்புகள் கொண்ட ‘அயர்ன் ஃபிரண்ட்’ சின்னத்தையும் அதில் சேர்த்தது. 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் நாஜிகளை எதிர்த்த அமைப்பின் சின்னம் அது. 1933இல் அந்த அமைப்பு ஒழிக்கப்பட்டது. ஆகஸ்ட் 23, சியாட்டிலோடு ஆட்டம். இரண்டு ஊர் ரசிகர்களுக்கும் ஆகவே ஆகாது. அன்று இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்டு, அந்த 1933இன் நினைவாக, 33 நிமிடம் வாய் திறக்கவில்லை. நான் அங்கே இருந்தேன். பந்தை உதைக்கும் சத்தம், பயிற்சியாளரின் அதட்டல், ஒரு குழந்தையின் கேள்வி, எல்லாம் துல்லியமாகக் கேட்டது. பாட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பது உடம்பில் வலிக்கிற விஷயம் என்று அன்று தெரிந்தது. 33ஆம் நிமிடம் எழுந்த சத்தத்தில் பக்கத்திலிருந்தவர் அழுதுவிட்டார். அடுத்த மாதமே லீக் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. ‘அட்மாஸ்ஃபியர்’ என்று விளம்பரங்களில் போட்டு விற்கிற சரக்கை உண்டாக்குபவர்கள் யார் என்று அவர்களுக்கும் அன்றுதான் உறைத்திருக்க வேண்டும்.

இதே மைதானத்தில் ஆடும் தோர்ன்ஸ் பெண்கள் அணியின் கதை இன்னும் கனமானது. மானா ஷிம், ஷினேட் ஃபாரெல்லி என்ற இரு வீராங்கனைகள், பயிற்சியாளர் தங்களிடம் நடந்துகொண்ட விதத்தை 2021 செப்டம்பரில் வெளியே சொன்னார்கள். அக்டோபர் 6 அன்று, பெண்கள் லீகின் ஆட்டங்களில் 6ஆம் நிமிடத்தில் இரு அணிப் பெண்களும் ஆட்டத்தை நிறுத்தி, நடுவட்டத்தில் தோளோடு தோள் கோத்து நின்றார்கள். புகாருக்குக் காது கொடுக்க ஆறு ஆண்டுகள் ஆனதால் அந்த 6. போர்ட்லண்ட் ரசிகர்கள் அன்று எழுந்து நின்றதோடு விட்டுவிடவில்லை. அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளரைப் பார்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பத்தல் குடும்பம் அணியை வாங்கியது.

2023இல் மெஸ்ஸி மயாமிக்கு வந்தபின், அவர் போகும் ஊரிலெல்லாம் அரங்கம் இளஞ்சிவப்புச் சட்டைகளால் நிறைகிறது. வரட்டும், பார்க்கட்டும், அந்தக் காலால் பந்து தொடுவதைப் பார்ப்பது கொடுப்பினை. ஆனால் அவருக்காக வந்தவர்களில் சிலராவது, அடுத்த வாரம் மழையில், பெயர் தெரியாத ஓர் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

போர்ட்லண்ட், சியாட்டில், வான்கூவர் மூன்றுக்கும் இடையில் ‘காஸ்கேடியா கோப்பை’ ஒன்று உண்டு. 2004இல் மூன்று ஊர் ரசிகர்களும் சேர்ந்து உண்டாக்கிய கோப்பை. அந்தப் பெயரைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள லீக் ஒருமுறை விண்ணப்பித்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத மூன்று கூட்டமும் கூடி ஒரு குழு அமைத்து எதிர்த்தன. 2013இல் லீக் இறங்கி வந்தது. கோப்பையின் சொந்தக்காரர்கள் இன்றும் ரசிகர்கள்தான். ஜெயித்த அணிக்கு அதை எடுத்துக் கொடுப்பவர்களும் அவர்களே.