பாதித் தொடரில் இறங்கியவர்

2024 டிசம்பர் 18, புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நத்தம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் கீழே நின்று "சாணார்பட்டி, கோபால்பட்டி, நத்தம்" என்று கூவிக்கொண்டிருந்தார். எனக்கு முன் இருக்கையில் மூன்று கல்லூரிப் பையன்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து செல்லில் மூழ்கியிருந்தவன் சட்டென்று நிமிர்ந்து பக்கத்திலிருந்தவனிடம் அதை நீட்டினான்.

"பொய்டா. எவனாவது கிளப்பி விட்டிருப்பான்."

"பிசிசிஐயே போட்ருக்குடா. பாரு."

மூன்றாமவன் எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் பின்னால் சாய்ந்துகொண்டான்.

வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் செய்தி இருக்கை இருக்கையாக முன்னால் போய்விட்டது. செல்லில் பார்த்தவர்கள் பாதி, பக்கத்தில் கேட்டவர்கள் மீதி. வெள்ளை வேட்டியும் மஞ்சள் துணிப்பையுமாகக் கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒருவர் பையன்களிடம் குனிந்தார்.

"என்னப்பா, யாருக்கு என்ன?"

"அஸ்வின் ரிட்டயர்டு ஆயிட்டாருண்ணே. இனிமே இந்தியாவுக்கு ஆட மாட்டாராம்."

"அடப்பாவமே. இப்ப எங்க இருக்காரு?"

"ஆஸ்திரேலியாவுல. பிரிஸ்பேன் டெஸ்ட் மழையில டிரா ஆச்சு. முடிஞ்ச கையோட ரோகித்கூட வந்து உக்காந்து சொல்லிட்டாரு."

"அப்ப தொடரு முடிஞ்சு போச்சா?"

"இல்லண்ணே. இன்னும் ரெண்டு டெஸ்ட் கெடக்கு."

இன்னும் ரெண்டு கெடக்கு. அந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி நின்றார்கள். 106 டெஸ்ட், 537 விக்கெட் என்று சொன்னபோது "ம்ம்" என்று தலையாட்டியவர்கள், மிச்சமிருக்கும் இரண்டைக் கேட்டதும் முகம் மாறினார்கள். ஐந்தில் மூன்று முடிந்திருக்கிறது, தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது, அப்புறம் ஏன்?

சென்னை மேற்கு மாம்பலத்து அஸ்வினுக்காகத் திண்டுக்கல் வண்டியில் இவ்வளவு பதற்றமா என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல் டிராகன்ஸின் தலைவர் அவர். டெஸ்ட் உலகமே அஞ்சிய ஒரு பந்துவீச்சாளர், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் இந்த ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு இறங்கினார். 2018, 2019 என்று இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போய் அணி கோப்பையைக் கோட்டைவிட்டது. 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் கோவையை வென்று முதல் கோப்பை. அன்று அவர் மட்டையால் 52 அடித்தார். அந்தச் சந்தோஷத்துக்கு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த என்.பி.ஆர். கல்லூரியைக் கடந்துதான் இந்த வண்டியும் போகும்.

பையன்களில் முதல்வன் கொதித்துப்போயிருந்தான். "2021 இங்கிலாந்துல நாலு டெஸ்டும் உக்கார வச்சாய்ங்க. ஓவல்ல உலக டெஸ்ட் ஃபைனல்ல உக்கார வச்சாய்ங்க. இப்ப பெர்த்துல. அடிலெய்டுல ஒண்ணு குடுத்துட்டு பிரிஸ்பேன்ல திரும்ப உக்கார வச்சாய்ங்க. மனுசன் எத்தன நாளைக்குத்தான் தண்ணி பாட்டில் தூக்குவாரு?"

"அதுக்காக நடுவுல வந்துர்றதா? கடைசி டெஸ்ட் சிட்னில. அங்க பந்து திரும்பும். தேவப்பட்டா யாரு போடுவா?"

சாய்ந்து கிடந்த மூன்றாமவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "கும்ப்ளேயும் ஆஸ்திரேலியா சீரிஸ் பாதியிலதான்டா போனாரு, தில்லில. தோனி இதே மாதிரி மெல்போர்ன்ல. அப்ப யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்டார்கள். 2008 நவம்பரில் விரலில் தையலோடு கும்ப்ளே விடைபெற்றபோது இந்தப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பார்களோ என்னவோ. 2014 டிசம்பர் 30ஆம் தேதி தோனி டெஸ்ட் போதும் என்றபோது, இதே "ஏன் பாதியில்" என்ற கேள்வி நாடு முழுக்க நாள்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகக் கேட்கிறது. அவ்வளவுதான்.

மஞ்சள் பைக்காரருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவருக்கு ஒரே ஓர் ஆட்டம்தான் ஞாபகம். 2019 டிசம்பர், கர்நாடகத்தோடு ரஞ்சி, நத்தத்தில். "நான் நேர்ல பாத்தேன்ப்பா. 181 அடிச்சாப் போதும். இந்த அஸ்வினும் ஆடுனாரு. அந்த கௌதம் ஒருத்தனே எட்டுப் பேரத் தூக்கிட்டான். 26 ரன்னுல போச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல." ஐந்து வருடத்துக்கு முந்தைய தோல்வியை அவர் நேற்று நடந்ததைப்போலச் சொன்னார். ஓய்வைப் பற்றி அவர் ஒரு கருத்தும் சொல்லவில்லை. தான் நேரில் பார்த்த ஒருவர் இனி ஆடமாட்டார் என்பது மட்டும் அவர் முகத்தில் இருந்தது.

வாழையிலைக் கட்டைக் காலடியில் வைத்திருந்த ஓர் அம்மா அதுவரை பேச்சையே கவனித்துக்கொண்டிருந்தார். பையன்களைப் பார்த்துக் கேட்டார்: "அவுக அம்மாவுக்குத் திரும்ப முடியாமப் போச்சாய்யா?"

மூன்று பேரும் விழித்தார்கள். அம்மா சொன்னது பிப்ரவரிக் கதையை. ராஜ்கோட்டில் இங்கிலாந்துடன் மூன்றாவது டெஸ்ட். 16ஆம் தேதி ஜாக் கிராலியின் விக்கெட்டோடு அஸ்வினுக்கு 500. தொலைக்காட்சிகள் கொண்டாடிக்கொண்டிருந்த அதே இரவு, குடும்பத்தில் மருத்துவ அவசரம், அவர் டெஸ்டிலிருந்து உடனடியாக விலகுகிறார் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. தாய்க்கு உடல்நிலை மோசம். தனி விமானத்தில் சென்னைக்குப் பறந்தார். மாற்று ஆட்டக்காரர் ஃபீல்டிங் செய்யலாம், பந்து போட முடியாது. ஆகவே ஒரு பந்துவீச்சாளர் குறைவாகவே இந்தியா ஆடியது. 18ஆம் தேதி அவர் திரும்பிவந்து மறுபடி களமிறங்கினார், இந்தியா 434 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அந்த இரண்டு நாளும் திண்டுக்கல்லில் இதைப்பற்றிய பேச்சு என் காதில் நிறைய விழுந்தது. ஆட்டத்தை நடுவில் விட்டுப் போகலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அம்மா என்ற காரணத்துக்கு முன்னால் ஊர் முழுக்க எழுந்து வழிவிட்டது. டிசம்பரில் அப்படி ஒரு காரணம் வரவில்லை. அவர் சில நிமிடம் பேசினார், நிருபர்களின் கேள்விகள் எதையும் எடுக்கவில்லை, எழுந்து போய்விட்டார். காலியாக விட்டுப்போன அந்த இடத்தை வண்டியில் இருந்த ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பையன் கோபத்தைப் போட்டான். இலைக்கட்டு அம்மா தாயைப் போட்டார்.

"இல்லக்கா, அவங்க நல்லாத்தான் இருக்காங்க" என்றான் மூன்றாமவன்.

"அப்பன்னா சரி. வீட்டுக்கு வரட்டும். பெத்தவ கண்ணுல படட்டும்."

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். காதோரம் நரை, விரல் நுனிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. வண்டி சாணார்பட்டி நிறுத்தத்தில் நின்று கிளம்பிய பிறகு, யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"மில்லுல ரிங் பிரேம்ல நின்னேன், இருவத்தாறு வருசம். ஒருநா ராத்திரி ஷிப்டு. பாதியில மாஸ்டர்கிட்டப் போயி, என் கணக்க முடிச்சிருங்கன்னுட்டேன். ஷிப்ட முடிச்சிட்டுச் சொல்லலாம்ல, ஏன்யான்னாரு. ஒண்ணும் சொல்லல. வீட்டுல கேட்டா. அவகிட்டயும் சொல்லல."

"ஏன் தாத்தா சொல்லல?" முதல் பையன் திரும்பி உட்கார்ந்தான்.

"சொன்னா அதுக்கு ஒரு பதிலு சொல்லுவாங்கள்ல. அந்தப் பதிலக் கேக்க வேணாம்னுதான்."

அதற்கப்புறம் கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே சிறுமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த மில்லில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஆனால் பிரிஸ்பேன் மேசைக்கு முன்னால் கேள்வி வேண்டாம் என்று எழுந்தவரை அந்த வண்டியிலேயே அதிகம் புரிந்துகொண்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன். காரணம் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது பொதுச்சொத்தாகிவிடுகிறது. அது போதுமா, போதாதா என்று ஆளாளுக்கு எடைபோடலாம். பதினான்கு வருடம் அணிக்குள் வருவதும் வெளியே உட்காருவதுமாக அடுத்தவர் முடிவுகளுக்குக் காத்திருந்த ஒருவர், கடைசி முடிவை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் தானே எடுத்தார். அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. பெர்த்திலேயே அவர் போக நினைத்தார், அடிலெய்டு பகலிரவு டெஸ்ட் வரை இருக்கச் சொல்லி நான்தான் நிறுத்தினேன் என்று அன்றே கேப்டன் ரோகித்தும் சொன்னார். ஆக, இது ஒரு நாள் கோபத்தில் வந்த முடிவும் அல்ல.

பெண்கள் இருக்கையில், காதில் இயர்போன் மாட்டிய ஒரு பெண். இருபது வயது இருக்கலாம். ஆட்டம் மழையில் நின்றிருந்தபோது ஓய்வறையில் கோலி அஸ்வினைக் கட்டிப்பிடிக்கும் காட்சி அவள் செல்லில் ஓடியது. முடிந்ததும் மறுபடி தொட்டாள். மறுபடி. துப்பட்டா நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். வண்டியில் இத்தனை பேர் இத்தனை பேசியும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. கிரிக்கெட் பேச்சில் பெண்ணிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் வரவில்லை. கோபால்பட்டியில் இறங்கிப் போய்விட்டாள். அன்று அந்த வண்டியில் அழுதவள் அவள் ஒருத்திதான்.

பாதியில் விலகுகிறவரைக் கேள்வி கேட்பது நம் ஊரில் மட்டும் இல்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 2008 ஆகஸ்ட் 18 அன்று லியூ சியாங் தடை ஓட்டத்தின் தொடக்கக் கோட்டிலிருந்து நொண்டியபடி திரும்பி உள்ளே போனார். ஏதென்ஸில் தங்கம் வென்றவர், சீனா முழுக்க அவர் படம். நிரம்பிய அரங்கம் வாயடைத்துப்போனது, பலர் அழுதார்கள், பயிற்சியாளர் நிருபர்கள் முன்னால் உடைந்து அழுதார். அழுகை ஓய்ந்ததும் ஏச்சு ஆரம்பித்தது. குதிகால் தசைநார் வலி என்பதை நம்பாதவர்கள் ஏராளம். டோக்கியோவில் 2021இல் சிமோன் பைல்ஸ் காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்பதே பிடிபடாமல் போய் விலகியபோதும் அப்படித்தான். நாட்டுக்காக ஆடுகிறவர் தன் உடலுக்காகவோ மனசுக்காகவோ ஒரு நாள் நின்றால், அதை நம்மிடம் வாங்கிய கடனைத் திருப்பாததுபோல் பார்க்கிறோம். அன்பு இல்லாமல் அந்தக் கோபம் வராது. ஆனால் அந்த அன்பு மிகவும் கெட்டியாகப் பிடிக்கிறது, பிடிக்கப்பட்டவருக்கு வலிக்கும் அளவுக்கு.

கல்லூரி நிறுத்தம் வந்தது. மதியப் பரீட்சை போலிருக்கிறது, பையன்கள் எழுந்து படிக்கட்டுக்குப் போனார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. "சிட்னி வரைக்கும் இருந்திருக்கலாம்டா" என்றான் ஒருவன். "இருந்தா மட்டும் எடுத்திருப்பாய்ங்களா?" என்றான் இன்னொருவன். மஞ்சள் பைக்காரர் குனிந்து, ஜன்னல் வழியாக மைதானம் இருக்கும் திசையைப் பார்த்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

மறுநாள் அஸ்வின் சென்னை வந்து இறங்கினார். வீட்டு வாசலில் மேளம், மாலை. அன்றைக்கே அவர் தந்தை தொலைக்காட்சியில் பேசிவிட்டார். மகன் அவமானப்பட்டிருக்கலாம், எத்தனை நாள்தான் பொறுப்பது என்ற தொனியில். நாகல் நகர் சலூன் ஒன்றில் நான் என் முறைக்குக் காத்திருந்தபோது அது ஓடியது. "பாத்தியா, நான் நேத்தே சொன்னேன்ல!" என்று நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு துள்ளினார். காரணம் கிடைத்துவிட்ட திருப்தி சலூன் முழுக்கப் பரவியது. அடுத்து அஸ்வினே, அப்பாவுக்கு ஊடகங்களிடம் பேசிப் பழக்கமில்லை, அவரை மன்னித்து விட்டுவிடுங்கள் என்று எழுதியதும் செய்தியாக வந்தது. கத்தியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்த கடைக்காரர், "பெத்தவன் வேற எப்படிய்யா பேசுவான்? தகப்பனயும் மகனயும் விடுங்கய்யா" என்றார். அந்த ஒரு சொல்லில் கடையில் அந்தப் பேச்சு நின்றது. அதன் பிறகு நான் போன இடங்களில் "ஏன்" குறைந்து, அந்தத் தகப்பனைப் பற்றிய பரிவுதான் அதிகம் காதில் விழுந்தது.

2025இல் அஸ்வின் மறுபடி திண்டுக்கல் சட்டையோடு வந்தார். ஜூலை 2ஆம் தேதி நத்தத்தில் திருச்சியோடு எலிமினேட்டர். மூன்று விக்கெட் எடுத்துவிட்டு, மட்டையோடு இறங்கி 83 அடித்தார். 6ஆம் தேதி அதே மைதானத்தில் திருப்பூரோடு இறுதி ஆட்டம். திருப்பூர் 220. திண்டுக்கல் 102க்குச் சுருண்டது. கலைந்து போன கூட்டத்தில் பிரிஸ்பேனைப் பற்றி யாரும் பேசவில்லை. 118 ரன்னில் தோற்றதற்குக் கேப்டன் அஸ்வினை வாய் வலிக்கத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே, அடுத்த வருசமும் நமக்குத்தான் ஆடுவாரா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வண்டிகளைத் தேடிப் போனார்கள்.