பெட்டிக்குள் ஒரு தவில்

இசை காற்றில் பிறந்து காற்றிலேயே கரைந்துவிடுவது. அதைப் பிடித்து வைக்க மனிதன் செய்த முயற்சிகள் பலப்பல. பிடித்த ஒலியைக் கேட்பதோடு நில்லாமல், அதையே ஒரு வாத்தியமாக்கி வாசித்தால் என்ன என்ற ஆசையும் அவனுக்குப் பிறந்தது. 1963-இல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் என்னும் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு விநாடி அந்த ஒலி கேட்கும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் கருவி ஒலியை எண்களாக்கி நினைவில் வைத்தது. அதன் விலையோ ஒரு வீட்டின் விலை! 1986-இல் காசியோ நிறுவனம் எஸ்.கே.1 என்ற சிறு பெட்டியை வெளியிட்ட பிறகே இந்த வித்தை சாமானியர் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் மாமா வளைகுடா நாட்டிலிருந்து கொண்டுவந்தது. அதே வீட்டில் என் பெரியப்பாவும் இருக்கிறார்; அவர் தவில் கலைஞர். இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்க, இயற்பியல் மாணவனாகிய நான் சும்மா இருப்பேனா? சென்ற விடுமுறையில் ஒலியைப் பதியும் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கத் துணிந்தேன்.

முதல் முறை, ஒரே பதிவை எல்லாக் கட்டைக்கும் பகிர்ந்து கொடுப்பது. எஸ்.கே.1 செய்வது அதுதான். அதன் ஒலிவாங்கி விநாடிக்கு 9,380 முறை ஒலியை அளக்கிறது, மொத்தம் 1.4 விநாடிதான் பதியும். ஏறத்தாழ 13,000 எண்கள்! ஒவ்வோர் அளவும் 256 படிகளுள் ஒன்றில் அடங்க வேண்டும். குறுந்தகட்டிலோ விநாடிக்கு 44,100 அளவுகள், 65,536 படிகள். அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணைப் பதிய இயலாது என்பது நாம் வகுப்பில் படிக்கும் விதி. எனவே 4,690-க்கு மேல் உள்ள அதிர்வுகள் இப்பெட்டிக்கு இல்லை. தவிலின் வலந்தலையில் விரற்கூடு பட்டுத் தெறிக்கும் கூர்மை அங்கேதான் போயிற்று. மேலும், மின்சாரத்தை நிறுத்தினால் பதிந்தது முழுவதும் மறந்துபோகும்!

நாகசுரத்தைப் பதிந்தபோது வேறொரு வேடிக்கை. பெரியப்பாவோடு வாசிக்கும் நாயனக்காரர் ஒரு சுரத்தைக் கமகத்தோடு ஊதினார். ஒரு ஸ்தாயி மேலே உள்ள கட்டையை அழுத்தினால் பதிவு இருமடங்கு வேகத்தில் ஓடும். 1.4 விநாடி 0.7 ஆகும், விநாடிக்கு ஐந்து முறை அசைந்த கமகம் பத்து முறை நடுங்கும். கேட்ட நாயனக்காரர், “இதென்ன, குளிர்ஜுரம் வந்தவன் ஊதினாப்பல இருக்கு?” என்று சிரித்தார்.

இரண்டாம் முறை, பல பதிவுகள் எடுப்பது. இதற்கு நண்பரின் இன்னிசைக் குழுவிலிருந்த புதிய கீபோர்டும் ஒரு கணினியும் உதவின. இரண்டு ஸ்தாயிக்கு 25 கட்டைகள். ஐந்து கட்டைக்கு ஒரு பதிவாக ஐந்து பதிவுகள் எடுத்தோம். எந்தக் கட்டையும் தன் பதிவிலிருந்து இரண்டு கட்டைக்கு மேல் விலகாது. வேக மாற்றம் சுமார் 12 விழுக்காட்டுக்குள் அடங்கும். குளிர்ஜுரம் தணிந்தது. ஆயினும் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அழகு வரவில்லை. கட்டைகள் படிக்கட்டு, நாகசுரமோ ஓடும் நீர்.

மூன்றாம் முறை, ஒரு முழுப் பிடியையே ஒரு கட்டையில் வைப்பது. இதில் கமகம் பழுதின்றி நிற்கிறது. ஆனால் அன்று ஊதியதே என்றும் வரும். நமக்கு மிஞ்சுவது கட்டையைத் தட்டும் வேலைதான்.

தவிலுக்கு வேறு வழி தேவைப்பட்டது. முதலில் பதிந்த ஒற்றை அடியை வேகமாக வாசித்துக் காட்டினேன். பெரியப்பா கேட்டுவிட்டு, “தம்பி, சத்தம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரே அடியத்தானே திருப்பித் திருப்பி அடிக்குது? மனுசன் ரெண்டு அடிய ஒண்ணுபோல அடிப்பானா?” என்றார். அறிவியல் அறிந்தவர் சொல்லும் தீர்வும் அதுவே. மென்மை, நடுத்தரம், வன்மை என மூன்று அழுத்தங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு அடிகள். ஆக 12 பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தோம். இப்போது கண்ணை மூடிக் கேட்டால் பெரியப்பாவே வாசிப்பது போலிருந்தது.

இங்கேதான் என் மனம் கலங்கிற்று. கோயில்களில் மோட்டாரால் இயங்கும் மேளமும் மணியும் வந்துவிட்டன. கல்யாணங்களில் ஒரு கீபோர்டுக்காரர் போதும் என்கிறார்கள். பெரியப்பாவின் கையையே பெட்டியில் அடைத்து, அவரை அழைக்காத பந்தலில் ஒலிக்கச் செய்யவா இந்த ஆராய்ச்சி?

நண்பர் இருக்கும்போதே பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் தவிலின் வாரை இழுத்துக் கட்டியபடியே சொன்னார்: “வரவேற்புக்குப் பெட்டிய வாசிங்க, வேணாங்கல. கெட்டிமேளத்துக்கு என்னைக் கூப்பிடுங்க. தாலி ஏறுற நேரத்தப் பார்த்து அடிக்கணும். அது பெட்டிக்குத் தெரியாது.” நண்பரும் அதை ஒப்புக்கொண்டார். அதன்பின் அவர் குழு ஏற்ற இரண்டு முகூர்த்தங்களுக்குப் பெரியப்பாவின் மேளமும் சென்றது.

இயற்பியல் எனக்குச் சொன்னது ஒன்று: எத்தனை முறை அளந்தாலும் பதிவு என்பது நடந்து முடிந்த ஒலியே. பெரியப்பா சொன்னது மற்றொன்று: கலைஞன் எதிரே நடப்பதைப் பார்த்து வாசிக்கிறான். முன்னதைக் கருவியிடம் ஒப்படைப்போம். பின்னதற்கு மனிதனையே அழைப்போம்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரிலும் பம்பையோ உடுக்கையோ பறையோ வாசிக்கும் முதியவர் இருப்பார். கையிலுள்ள தொலைபேசியே இன்று நல்ல ஒலிவாங்கி. அவர் இசைவோடு பதியுங்கள். பதிவின்மேல் அவர் பெயரை எழுதுங்கள். அதனால் வரும் காசில் அவருக்கும் பங்கு கொடுங்கள். அடுத்த விசேஷத்துக்கு அவரையும் அழையுங்கள்.

— மூன்றாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்