ஆரூர்த் தேர்: சில நாட்குறிப்புகள்

ஏப்ரல் 4, வெள்ளி

திருவாரூர்க் கீழவீதியில் ஆழித்தேர் கட்டி முடியப்போகிறது. வெறும் மரத்தேர் 30 அடிதான். மூங்கிலும் சீலையும் ஏறினால் 96 அடி. எடை ஏறக்குறைய 300 டன் என்கிறார்கள். இவ்வளவு உயரம் சாயாமல் நிற்பதன் காரணம் பார்த்தாலே விளங்கும். கனமெல்லாம் கீழே, மரத்திலும் இரும்புச் சக்கரங்களிலும் அச்சிலும். ஈர்ப்பு மையம் தாழ்ந்தே இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இயக்க விதிகளைத் திருப்பிப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். மூன்று விதிகளும் மனப்பாடம். ஒரு பெண் மட்டும் விடவில்லை.

"டீச்சர், நாம தேரை இழுக்கிற அளவுக்குத் தேரும் நம்மள இழுக்குதுன்னா, ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிடுமே. அப்புறம் தேர் எப்படி நகரும்?"

மூன்றாம் விதியைப் படிக்கிற யாருக்கும் எழவேண்டிய கேள்வி. 1687-இல் நியூட்டன் எழுதிவைத்ததில் இன்றைக்கும் ஆளைத் தடுமாறவைப்பது இதுதான். அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மேல் விழுவதில்லை. ஒன்று தேர்மேல், மற்றது நம்மேல். தேர் நகருமா என்று பார்க்கத் தேர்மேல் விழுவதை மட்டும் கணக்கில் எடுக்கவேண்டும்: முன்னால் வடம், பின்னால் உராய்வு. வடம் மிஞ்சினால் தேர் புறப்படும்.

"அப்ப நம்மள யாரு முன்னாடி தள்றது?" என்றாள். வீதிதான். பாதம் தரையைப் பின்னுக்குத் தள்ள, தரை நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. கால் வழுக்கினால் ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்தும் பயனில்லை. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஏப்ரல் 7, திங்கள். ஆயில்யம்

விநாயகர், சுப்பிரமணியர் தேர்கள் முன்னே போய்விட்டன. "ஆரூரா, தியாகேசா" என்று வீதியே முழங்க, பெரிய தேருக்கு வடம் பிடித்தார்கள். வடம் விறைத்தது, தேர் அசையவில்லை. ஓய்வில் உள்ள பொருளைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் அவ்வளவு தேவையில்லை. பின்னாலிருந்து புல்டோசர்கள் முட்டிக்கொடுக்க, சக்கரம் முனகிக்கொண்டு திரும்பியது.

நான் காத்திருப்பது மூலை திரும்பும் இடத்துக்காக. இந்தச் சக்கரங்கள் காரின் முன்சக்கரம்போல் பக்கவாட்டில் ஒடிந்து திரும்பாது. தேரையே வழுக்கவைத்துத்தான் திருப்பவேண்டும். அதற்காக இரும்புத் தகடுகளை விரித்துக் கிரீஸ் தடவியிருந்தார்கள். நேர்வீதியில் காலுக்குக் கீழே தேவைப்பட்ட அதே உராய்வு, இங்கே சக்கரத்துக்குக் கீழே பகை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் தயங்க, மறுபக்கம் முன்னேற, 300 டன்னும் மெல்ல முகம் திருப்புகிறது. புத்தகத்தில் திருப்புத்திறன் என்று ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம். கட்டை போடுபவர் அதைச் சக்கரத்துக்கு ஒரு கை தள்ளி நின்று, நொடி பிசகாமல் செய்கிறார். கட்டையை முன்கூட்டி வைத்தால் தேர் நிற்கும். பிந்தினால் வீட்டுத் திண்ணைமேல் ஏறும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அந்தப் பெண் மறுபடி வந்தாள். இருவரும் கணக்குப் போட்டோம். 3 லட்சம் கிலோ, விநாடிக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் உந்தம் 1,50,000. ஒரே விநாடியில் நிறுத்த 1,50,000 நியூட்டன் வேண்டும். ஏறக்குறைய 15 டன் எடை. ஐந்து விநாடி எடுத்துக்கொண்டால் 3 டன் போதும். இரண்டாம் விதியின் பயன் அவளுக்கு அங்கே பிடிபட்டது.

திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இப்போது இருக்கிறது. அதற்கு முன்னால் கட்டைதான் எல்லாம். ஒரு மனிதர் கையில் பிடித்து வைக்கும் கட்டை எப்படி நிறுத்துகிறது? சக்கரம் கட்டைமேல் ஏற முயல்கிறது. ஏறவேண்டுமானால் தேரின் பாரத்தையே தூக்கவேண்டும். தேரைத் தேரின் எடையே நிறுத்துகிறது.

கட்டை போடுபவர்களில் ஒருவரை வரும் ஆண்டு வகுப்புக்கு அழைத்துவந்து பேசவைக்கவேண்டும். பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கவேண்டும்.