மூணு மணிக் காற்று

ஜூலை மாதத்தில் கம்பளிச் சட்டை வியாபாரம் சூடு பிடிக்கிற ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ. கலிஃபோர்னியா என்றதும் வெயிலை நினைத்து அரை டிராயரோடு வந்து இறங்கும் டூரிஸ்ட்டுகள், மத்தியானம் மூன்று மணிக்குப் பல் தந்தியடிக்க, ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் கடைகளில் வரிசையில் நிற்கிறார்கள். விலையைக் கேட்டதும் நடுக்கம் இன்னும் கொஞ்சம் கூடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் காற்று. உள்நாட்டில், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மத்திய பள்ளத்தாக்கு என்று ஒரு மாபெரும் சமவெளி இருக்கிறது. கோடையில் அங்கே சர்வசாதாரணமாக 38 டிகிரி. நம்ம வேலூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான காற்று மேலே கிளம்ப, காலியான இடத்தை நிரப்பப் பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. வழியில் சுவர் மாதிரி மலைத்தொடர். அதில் இருக்கும் பெரிய இடைவெளி ஒன்றே ஒன்றுதான். கோல்டன் கேட். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வாசல் வழியாக மொத்தக் காற்றும் உள்ளே நுழையப் பார்த்தால் என்ன ஆகும்? ஆறு மணிக்குத் தாம்பரம் லோக்கலில் ஏறியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வாசலுக்கு மேலே 1937-ல் திறந்த அந்தச் சிவப்புப் பாலம். கூடவே வருகிற மூடுபனிக்கு ஊர்க்காரர்கள் 'கார்ல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாலத்தைத் தாண்டி, அல்கட்ராஸ் சிறைத் தீவை உரசிக்கொண்டு கிழக்கே ஓடும் காற்றுப் பாதைக்குப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்லாட்'. கோடையில் காலை பத்து மணிக்கு அங்கே தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். மூன்று மணிக்கு 20, 25 நாட். அதாவது மணிக்கு 37 முதல் 46 கிலோமீட்டர். இது புயல் இல்லை. தினசரி டியூட்டி!

ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் என் கல்லூரி நண்பன் வீட்டில் தங்கியிருந்தேன். ஐந்து நாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண் பூத்த ஆசாமி. மூன்று வருஷமாகச் சனிக்கிழமைகளில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறானாம்.

"ஏண்டா, உனக்கென்ன எண்ணெய்க் கிணறா இருக்கு?" என்றேன்.

"போடா. பழைய படகு பழைய காரை விடச் சீப்பா கிடைக்கும். நிறுத்தி வைக்கிற வாடகைதான் யானையைக் கட்டித் தீனி போடற கதை."

அவன் மனைவி காபியோடு வந்தார். "அண்ணா, நீங்களே சொல்லுங்க. இவர் மட்டும் போனா எனக்கு ஒரு பயம். பாப்பாவையும் கூட்டிட்டுப் போவேன்னா பத்து பயம். அவளுக்கு எட்டு வயசுதான் ஆகுது. எந்தப் படகு வேணா வாங்கட்டும், நான் ஏறிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் பணம்."

அந்தப் பயம் அனாவசியமானதல்ல. அந்த வளைகுடாத் தண்ணீர் கோடையிலும் 12 முதல் 15 டிகிரிதான். விழுந்தால் முதல் நிமிஷம் மூச்சுத் திணறும். பத்து இருபது நிமிஷத்தில் கைவிரல்கள் நாம் சொன்ன பேச்சைக் கேட்காது. லைஃப் ஜாக்கெட் இல்லாவிட்டால், நீச்சல் தெரியும் என்பதெல்லாம் குற்றாலத்தோடு சரி.

கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே சாசலிட்டோ. மலைச்சரிவில் கொலு வைத்தாற்போல வீடுகள், கீழே நூற்றுக்கணக்கில் பாய்மரங்கள். மாப்பிள்ளை பார்க்கும் படலம் அங்கே சனிக்கிழமை காலையில் தொடங்கியது.

முதல் படகு, மாளிகை. அகலமான உடம்பு. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். ஃப்ரிட்ஜ், அடுப்பு, இரண்டு படுக்கை. நண்பன் முகத்தில் பல்பு எரிந்தது. இரண்டாவது, பந்தயக் குதிரை. தட்டையான அடி, எடையே இல்லை, பின்காற்றில் பறக்குமாம். இரண்டு சொந்தக்காரர்களும் காலை பத்து மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் கண்ணாடி. படகுகள் இரண்டும் சாதுவாக ஒரு சுற்று போய் வந்தன.

மூன்றாவது படகின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். அவர் மட்டும், "பத்து மணிக்கு வந்து என்ன பார்ப்பீர்கள்? மூன்று மணிக்கு வாருங்கள்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

படகைப் பார்த்ததும் நண்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர். ஒல்லி. தண்ணீரை ஒட்டிய தாழ்வான உடம்பு. உள்ளே போனால் கூன் போட்டுத்தான் உட்கார வேண்டும். ரகம், ஃபோக்போட். மக்கள் படகு என்று அர்த்தம்.

இதன் ஜாதகம் சுவாரசியமானது. சாமானியர்கள் வாங்கக்கூடிய படகுக்காக ஸ்காண்டிநேவியாவில் ஒரு டிசைன் போட்டி வைத்தார்கள். வந்தவற்றில் எதற்கும் முதல் பரிசு கொடுக்க மனசில்லை. நல்ல நாலு டிசைன்களின் அம்சங்களை எடுத்துச் சேர்த்து, டோர்ட் சுண்டேன் என்ற ஸ்வீடன்காரரிடம் கொடுத்து வரையச் சொன்னார்கள். 1942-ல் முதல் படகு தண்ணீரில் இறங்கியது. கமிட்டி போட்டுச் செய்த காரியம் உருப்பட்டதாக நம் ஆபீஸ் சரித்திரத்தில் உண்டா? இது உருப்பட்டது. 1960-ல், அட்லாண்டிக்கைத் தன்னந்தனியாகக் கடக்கும் முதல் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர் இதே ரகப் படகில், பாயை மாற்றியமைத்துக்கொண்டு, 48 நாளில் போய்ச் சேர்ந்து இரண்டாவதாக வந்தார்.

"ரகசியம் கீழே இருக்கிறது" என்றார் பெரியவர். மொத்த எடை ஏறக்குறைய 1,930 கிலோ. அதில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் இரும்பு. அதற்குக் கீல் என்று பெயர். (கதவுக் கீல் வேறு, இது வேறு.)

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் எத்தனை அறை கொடுத்தாலும் எழுந்து நிற்கும். அடியில் களிமண் கனம். ஃபோக்போட்டும் அதே ஜாதிதான்.

"படகு சாயாமல் இருக்க இரண்டு வழி. ஒன்று அகலம், இன்னொன்று அடிக்கனம். அகலமான படகு முதலில் சாயவே சாயாது. ஆனால் ரொம்பச் சாய்ந்துவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு சுக்கான் பாதி தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். படகு உங்கள் பேச்சைக் கேட்காமல் தானாகத் திரும்பும். லேசான பந்தயப் படகுக்கோ கனம் என்பதே அதன் விளிம்பில் உட்காரும் ஐந்து பேர்தான். உங்களுக்கு ஐந்து பேர் இருக்கிறார்களா?"

நண்பன் மனைவியைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அல்கட்ராஸைப் பார்த்தேன்.

விற்கிறவர் பேச்சு அப்படித்தானே இருக்கும் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் கைகாட்டிய தண்ணீரிலேயே சாட்சி இருந்தது. 2013-ல் அமெரிக்காஸ் கோப்பைப் பந்தயம் அங்கேதான் நடந்தது. 22 மீட்டர் நீளம், 40 மீட்டர் உயர இறக்கை, பதினொரு பேர். இரண்டு உடல்கள் கொண்ட கேட்டமரான் படகுகள். அந்த வார்த்தை சாட்சாத் நம்ம ஊர்க் கட்டுமரம்தான். நாம் மரங்களைச் சேர்த்துக் கட்டினோம், அவர்கள் இரண்டு படகுகளை. தண்ணீருக்கு மேலே எழும்பி, மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் பறந்தன. நியூசிலாந்து 8-1 என்று முன்னணியில் இருக்க, ஆரக்கிள் அணி தொடர்ந்து எட்டுப் பந்தயம் ஜெயித்து 9-8 என்று கோப்பையைத் தட்டிச் சென்றது.

அதற்கு முந்தைய கதையும் உண்டு. 2012 அக்டோபரில் பயிற்சியின்போது ஆரக்கிள் படகு கவிழ்ந்தது. வெளியே ஓடிய நீரோட்டம் அதைப் பாலத்துக்கு அப்பால் கடலுக்கே இழுத்துப் போய்விட்டது. 2013 மே மாதம் ஆர்ட்டெமிஸ் அணியின் படகு கவிழ்ந்து உடைந்ததில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் இறந்தார். அதற்குப் பிறகு, எவ்வளவு காற்று வரை பந்தயம் நடத்தலாம் என்ற வரம்பைக் குறைத்தார்கள். உலகத்தின் தலைசிறந்த மாலுமிகளுக்கே அந்தத் தண்ணீரில் இந்தக் கதி என்றால், சனிக்கிழமை மாலுமிக்கு?

இந்தக் காற்றோடு குடித்தனம் நடத்துகிற ஊர்க்காரர்கள் விஷயத்தை எப்போதோ புரிந்துகொண்டு விட்டார்கள். 1920-களிலேயே இந்த வளைகுடாவுக்கென்றே 'பேர்ட்' என்று ஒரு ரகம் செய்தார்கள். முப்பதடி நீளம், நல்ல கனம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் பெயர். பின்னால் வந்த ஃபோக்போட்டையும் ஊர்ப் பிள்ளையாகத் தத்தெடுத்துக் கொண்டார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். கரையை விட்டு நகர்வதற்கு முன்பே பெரியவர் பெரிய பாயின் அடிப்பகுதியை மடக்கிக் கட்டினார்.

"இங்கேதான் காற்றே இல்லையே?" என்றான் நண்பன்.

"அதனால்தான் இங்கே கட்டுகிறேன். அங்கே போய்க் கட்டினால் ஒரு கை பாய்க்கு, ஒரு கை உயிருக்கு."

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். (கல்யாணமானவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.) காற்றைக் குறைக்க நம்மால் முடியாது. பாயைக் குறைக்கலாம். எனவே ஒருத்தரே இரண்டு மூன்று நிமிஷத்தில் பாயை மடக்க முடிகிறதா என்பது படகு வாங்கும்போது பார்க்க வேண்டிய பெரிய பாயிண்ட். ஃப்ரிட்ஜ் அப்புறம்.

பெரியவர் இன்னொன்றும் செய்தார். உள்ளறைக்குப் போகும் வழியைப் பலகை போட்டு மூடினார். "தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் இதே இரும்பு நம்மைக் கீழே கொண்டு போய்விடும்." தன் படகின் குறையையும் சேர்த்துச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஸ்லாட்டுக்குள் நுழைந்தோம். யாரோ கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது. நீரோட்டம் வெளியே போகும் நேரம். காற்று உள்ளே வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது அலைகள் படிக்கட்டு மாதிரி செங்குத்தாக நிற்கின்றன. முகத்தில் வாளி வாளியாக உப்புத் தண்ணீர். படகு சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. என் குலதெய்வத்துக்கு அவசரமாக ஒரு மொட்டை நேர்ந்துகொண்டேன். ஒரு கட்டத்தில் கீழே இருக்கிற இரும்பு, 'போதும்' என்று சொன்னது போல, சாய்வது நின்றது. அப்படியே ரயில் தண்டவாளத்தில் போவது போலப் போக ஆரம்பித்தது. வேகம் என்னவோ ஆறு நாட்தான், சைக்கிள் வேகம்.

"அம்மா, சுக்கானைப் பிடியுங்கள்" என்றார் பெரியவர். நண்பன் மனைவி தயங்கிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வீச்சு.

"கையை விட்டுவிடுங்கள்!"

விட்டார். படகு தானாகக் காற்றைப் பார்த்துத் திரும்பியது. பாய் படபடவென்று அடித்தது. வேகம் குறைந்து, நிமிர்ந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பது போல அப்படியே ஆடிக்கொண்டு நின்றது.

"நீங்கள் பயந்து கையை எடுத்தால் இது நின்றுவிடும். பலக் காற்றுக்குப் படகு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்."

"இன்னொரு வாட்டி!" என்றது குழந்தை.

கரைக்கு வந்ததும் நண்பன் கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் என்று டார்ச் அடித்துத் துரு தேட ஆரம்பித்தான். பலக் காற்றில் முதலில் கழன்று வருவது அவைதான். இந்தச் சோதனைக்குத் தெரிந்தவர் ஒருவரைக் காசு கொடுத்தாவது கூட்டி வருவது நல்லது.

நண்பன் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியவரிடம் கேட்டார். "இவ்வளவு நல்ல படகை ஏன் விக்கறீங்க?"

பெரியவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "குனிந்து உள்ளே போனால் எழுந்திருக்க முடியவில்லை. படகுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அடிக்கனம் போய்விட்டது."

விலை பேசி முடிந்தது. நண்பன் கேட்ட குறைப்பு கிடைக்கவில்லை. பெரியவர்தான் ஒரு கண்டிஷன் போட்டார். மாசத்தில் ஒரு சனிக்கிழமை அவரையும் கூட்டிப் போக வேண்டும்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டான் நண்பன்.

அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது கூடவா கேக்கணும்? மூணு மணிக்குத்தான்!"