தரையின் வாட்டம்

ஒருவர் புதிதாக வீடு கட்டினால், உற்றார் உறவினரை அழைத்துச் சென்று முகப்பைக் காட்டுவார்; கூடத்தைக் காட்டுவார்; அடுக்களையையும் மாடியையும் காட்டுவார். குளியலறைக் கதவை மட்டும் மெல்லச் சாத்திவிட்டு அப்பால் நடப்பார். வீட்டிலுள்ளோர் அனைவரும் நாள்தோறும் தவறாது புகும் அறை அஃதேயாயினும், கட்டும்போது கடைசியாகவும், பழுது பார்க்கும்போது அதற்கும் கடைசியாகவும் நினைக்கப்படுவது அதுவே. நமது கல்லூரி மலருக்கு ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சரித்திர விஷயத்தைப் பற்றி எழுதிவந்த யான், இவ்வாண்டு என் வீட்டுக் குளியலறையைப் பற்றி எழுதத் துணிந்தமையை அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. அவ்வறை எனக்குக் கற்பித்த பாடம் சிறிதன்று.

என் தந்தையார் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டைக் கட்டியது 1974 ஆம் ஆண்டில். திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி தார்சா, பட்டாசாலை, அடுக்களை என ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, புறவாசலில் இரண்டு படி இறங்கினால் குளிக்கும் அறையும், அதனை ஒட்டிக் கழிப்பறையும் இருந்தன. குளிக்கும் அறையை எங்கள் வீட்டு முதியோர் 'அங்கணம்' என்றே சொல்லுவர். திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில் வரும் அப்பழஞ்சொல் எங்கள் புறவாசலில் இன்றும் உயிரோடிருக்கின்றதே என்று யான் மாணவரிடம் பெருமையுடன் கூறியதுண்டு. சொல்லைப் பற்றிப் பெருமை கொண்டேனேயன்றி, அச்சொல் குறித்த இடத்தைப் பற்றிக் கவலை கொண்டேனல்லேன். அதன் சிமெண்டுத் தரை தேய்ந்து, மூலைகளில் பாசி படர்ந்திருந்தது. அதனை ஒட்டிய அடுக்களைச் சுவரில் முழங்கால் உயரத்திற்கு ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்று முறை வண்ணம் பூசி மறைத்தேன். மூன்று முறையும் ஈரம் வெளிப்பட்டது.

இந்நிலையில், சென்ற ஐப்பசி மாதத்து மழைநாளொன்றில் என் அன்னையார் அங்கணத்தில் வழுக்கி விழுந்தனர். அவர்களுக்கு வயது எழுபத்தெட்டு. விழுந்த செய்தியை அவர்கள் எவரிடமும் கூறவில்லை. மூன்றாம் நாள், படி இறங்குங்கால் நிலைக்கதவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றதைக் கண்டு யான் வினவியபோதுதான், முழங்கையிலும் இடுப்பிலும் கன்றியிருந்தது தெரியவந்தது. எலும்பு முறியாதது எங்கள் நற்பேறு. "ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் நாளையிலிருந்து துணைக்கு ஒரு ஆளை வைப்பாய். குளிக்கையில் பக்கத்தில் ஒருவர் நிற்பது எனக்கு ஆகாதப்பா" என்றார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காலையில் குளியலறையைத் திருத்தியமைப்பதென்று முடிவு செய்தேன்.

வீட்டு வேலை எதனையும் அதற்குமுன் யான் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்குப் பாடத்திட்டம் வகுத்தவனுக்கு எட்டடிக்கு ஐந்தடி அறையொன்றைத் திட்டமிடுதல் அரிதோ என்று எண்ணினேன். கட்டத்தாள் ஒன்றை எடுத்தேன். இரு அறைகளுக்கும் நடுவேயிருந்த சுவரை நீக்கி ஒன்றாக்குவதாக வரைந்தேன். பின்னர்க் கடைக்குச் சென்று, முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும் நீலநிற டைல்ஸ், கண்ணாடிக் கை கழுவும் தொட்டி, மழைபோல் நீர் பொழியும் அகன்ற ஷவர், ஒளிவிளக்கு பதித்த கண்ணாடி ஆகியவற்றைத் தெரிந்து, விலைகளைக் குறித்துக்கொண்டேன். பட்டியலில் பதினொரு இனங்கள் இருந்தன; ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் அடங்கின. அதனை மும்முறை படித்து மகிழ்ந்தேன்.

மறுநாள் கொத்தனார் வந்தார். அறுபது வயது கடந்தவர். கையில் கரணையும் ரசமட்டக் குழாயும் உடையவர். என் கட்டத்தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் அழகாக எழுதியிருக்கிறீர்கள், சார். தண்ணீர் எங்கே விழும், எங்கே ஓடும், எங்கே போய்ச் சேரும் என்பது இதில் இல்லையே?" என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. "தரைக்கு வாட்டம் எந்தப் பக்கம்?" என்று மீண்டும் கேட்டார். மனத்தின் சோர்வையும், பூவின் வதக்கத்தையும் குறிக்கும் 'வாட்டம்' என்னும் சொல்லை யான் அறிவேன். நீர் ஓடுதற்பொருட்டுத் தரைக்குக் கொடுக்கும் சரிவுக்கும் அதுவே பெயரென்பதை அன்றுதான் நெஞ்சில் வாங்கிக்கொண்டேன். "மனசுக்கு வாட்டம் கூடாது சார்; தரைக்கு வாட்டம் இல்லாமல் கூடாது" என்று சிரித்தார் அவர்.

பிறகு அவர் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். அடிக்குக் கால் அங்குலம் தாழ்வு இருத்தல் வேண்டும்; ஆறடி ஓடும் நீருக்கு ஒன்றரை அங்குலம். இதற்குக் குறைந்தால் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும். மிகுந்தால் முதியவர் நிற்குங்கால் பாதம் சாயும். தரையின் தாழ்ந்த மூலையில் 'நஹானி டிராப்' என்னும் கிண்ணம் போன்ற அமைப்பைப் பதிப்பர். அதில் எந்நேரமும் சிறிது நீர் நின்று, சாக்கடையின் நாற்றமும் பூச்சிகளும் மேலேறாதபடி தடுக்கும். வளைந்த குழாயில் நீரை நிறுத்தி நாற்றத்தைத் தடுக்கும் இவ்வுபாயத்தை உடைய கழிப்பறை அமைப்புக்கு 1775 ஆம் ஆண்டில் பிரிட்டனில் உரிமம் பெற்றவர் அலெக்ஸாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் என்பதை யான் படித்திருக்கின்றேன். ஆனால் என் வீட்டில் அத்தகைய நீர்த்தடை உண்டோ என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

தரையைத் தோண்டியபோது அடுக்களைச் சுவர் ஈரத்தின் காரணம் வெளியாயிற்று. கழிவுநீர்க் குழாயின் இணைப்பொன்று விரிந்து, ஆண்டுக்கணக்காக நீர் மண்ணில் இறங்கிச் சுவரைப் பற்றி மேலேறியிருந்தது. "டைல்ஸ் கண்ணுக்கு, சார். காப்பது அதற்கு அடியில் இருக்கும் பூச்சு" என்று கூறிய கொத்தனார், தரை முழுவதும், சுவரில் குறிப்பிட்ட உயரம் வரையிலும், நீர் புகாப் பூச்சு இரு முறை பூசவேண்டும் என்றார்.

அவ்வமயம் எனக்கு உண்டான நாணத்தை எங்ஙனம் உரைப்பேன்! மொகஞ்சதாரோவில் 1925–26 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளத்தைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசுகின்றவன் யான். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும், 7 மீட்டர் அகலமும், 2.4 மீட்டர் ஆழமும் உடைய அக்குளத்தின் செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் பின்னே நிலக்கீல் பூசி நீர் கசியாதபடி செய்திருந்தனர் என்பதையும், அதன் தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து அங்கே நீர் வெளியேற வழியிருந்தது என்பதையும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியிருக்கின்றேன். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னையோர் அறிந்திருந்த பூச்சும் வாட்டமும் என் பதினொரு இனப் பட்டியலில் இல்லை.

நிற்க. கொத்தனார் விடைபெறும்போது மற்றொன்றும் கேட்டார்: "ஆச்சியிடம் கேட்டீர்களா?" யான் கேட்கவில்லை. அன்னையார் பொருட்டுத் தொடங்கிய வேலையில் அன்னையாரை ஒரு சொல்லும் கேளாதிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை அவர்களை அழைத்துவந்து, வெறுமையாய்க் கிடந்த அறையின் நடுவே ஒரு நாற்காலியிட்டு அமர்த்தினேன். முதலில், "எனக்கு இன்னும் எத்தனை நாள்? வீண் செலவு எதற்கு? சாந்து பூசினால் போதும்" என்றார்கள். கொத்தனாரோ அதனைக் கேளாதவர்போல், "ஆச்சி, எழுந்திருக்கும்போது கை எங்கே போகிறது?" என்று வினவினார். அவர்கள் எழுந்து காட்டினார்கள். கை சென்ற இடத்தில் அவர் சுவரிற் கரிக்கோடு இட்டு அளந்தார். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி இருந்தது. அங்கே கைப்பிடிக் கம்பி வரவேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பியைப்போல் சிறு திருகாணிகளால் பொருத்தினால் உடல் பாரத்தைத் தாங்காதாகையால், டைல்ஸ் ஒட்டுமுன்னரே சுவரைக் கெட்டிப்படுத்த வேண்டும் என்றார். இவ்வாறே ஒவ்வொன்றாக அன்னையார் வாயிலிருந்து வெளிவந்தது. அவர்களுக்கு ஷவர் வேண்டாம். உட்கார்ந்து குளிக்க ஒரு திண்ணையும், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு வாளியும் போதும். பளபளக்கும் தரையைக் கண்டாலே கால் கூசுகின்றது. இரவில் விளக்கின் பொத்தான் கதவுக்கு வெளியே, கை படும் இடத்தில் இருத்தல் வேண்டும். குந்தி அமரும் கழிப்பறையை விட மனமில்லையாயினும், முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டார்கள்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் பிணக்கு நேர்ந்தது. உள்ளே தாழ்ப்பாள் வேண்டாம் என்றேன் யான். விழுந்தால் கதவைத் திறப்பது யார் என்பது என் அச்சம். அன்னையார் முகம் மாறிற்று. "தாழ்ப்பாள் இல்லாத அறையில் நான் குளிக்கமாட்டேன். வயசாகிவிட்டது என்பதற்காக எனக்கு வெட்கம் போய்விடுமா?" என்றார்கள். யான் பேசாது நின்றேன். விழுந்ததை மூன்று நாள் மறைத்ததும் இதற்காகவேயன்றோ! அவர்கள் காக்க விரும்பியது உடலை மாத்திரமன்று. கொத்தனாரே வழி கூறினார்: உள்ளே தாழிடலாம், அவசரமாயின் வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பித் திறக்கும் பூட்டு கடையிற் கிடைக்கும். கதவையும் வெளிப்புறமாகத் திறக்கும்படி வைத்தால், உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பினும் கதவு தடைப்படாது. அன்னையார் சிறிது யோசித்து, "நாணயம் உன் பையில் மட்டும் இருக்கட்டும்" என்று இசைந்தார்கள்.

அன்றிரவு பட்டியலைப் புதிதாக எழுதினேன். முதலில் கழிவுநீர்க் குழாய், அடுத்து நீர் புகாப் பூச்சு, அடுத்து வாட்டம், அதன்பின் கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ், வெந்நீர்க் கீசர், 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி என்றவாறு அமைந்தது. தரையை உயர்த்தி இரண்டு படிகளையும் அகற்றுவதென்றும், இரண்டடி வாயிலை மூன்றடியாக்குவதென்றும் எழுதினேன். வாயில் அகலம் பிற்காலத்தில் சக்கர நாற்காலி நுழைவதற்காக என்பதை அன்னையாரிடம் கூறவில்லை. வாளி கொண்டுபோக வசதி என்றேன்; அவர்கள் என்னை ஒருமுறை நோக்கிவிட்டுச் "சரி" என்றார்கள். நீலநிற டைல்ஸும், கண்ணாடித் தொட்டியும், மழை ஷவரும் பட்டியலிலிருந்து மறைந்தன. செலவு முன்போலவே ஒன்றரை லட்சத்தை ஒட்டி நின்றது. ஆனால் அதிற் பாதி, முடிந்தபின் எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்திற்குச் சென்றது.

பூச்சு உலர்ந்தபின், வடிகாலை அடைத்துத் தரையில் நீரைத் தேக்கி, 48 மணி நேரம் விட்டுவைத்தோம். நீர்மட்டத்தைச் சுவரிற் சுண்ணக்கட்டியால் குறித்தேன். மறுநாட் காலையில் நீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. வெயிலில் வற்றியிருக்கும் என்று சமாதானம் கூற முற்பட்டேன். கொத்தனார் அதனை ஏற்கவில்லை. தேடியதில், டிராப்பைச் சுற்றிய விளிம்பில் மயிரிழைபோல் ஒரு வெடிப்புக் காணப்பட்டது. அதனை அடைத்து மீண்டும் நீர் தேக்கினோம். இம்முறை கோடு அசையவில்லை. மூன்று நாள் தாமதமாயிற்று. அந்நாட்களிலும் சேர்த்துப் பதினேழு நாள் நாங்கள் அடுத்த வீட்டாரின் தயவிற் குளித்தோம். வேலையைத் தொடங்குமுன் அதற்கும் ஓர் ஏற்பாடு செய்யவேண்டும் என்பதைப் புதிதாகத் திட்டமிடுவோர் குறித்துக்கொள்க.

கடைசி நாளன்று அன்னையார் தாமே நடந்து உள்ளே சென்றார்கள். தாழிடும் ஓசை கேட்டது. வெளியே யான் சட்டைப் பையிலிருந்த நாணயத்தைத் தொட்டபடி நின்றிருந்தேன். ஒரு சொம்பு நீரைத் தரையில் ஊற்றும் ஒலியும், பின்பு சிறிது அமைதியும், அதன்பின் அவர்கள் குரலும் வந்தன: "வாட்டம் நன்றாக இருக்கிறது, ஐயா. நீ போய் உன் வேலையைப் பார்."

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை பெரிய மாளிகைகளையும் மருத்துவமனைகளையும் வகுத்தமைப்பீர்கள். எல்லாரும் ஒருநாள் தத்தம் வீட்டின் ஒரு மூலையையேனும் திருத்தியமைப்பீர்கள். அப்போது கட்டத்தாளை எடுக்குமுன், அவ்விடத்தைப் பயன்படுத்தப் போகின்றவரை அங்கே ஒரு நாற்காலியில் அமர்த்தி, அவர் எழுந்திருக்கும்போது கை எங்கே செல்கின்றது என்று பாருங்கள். கடைக்குப் பிறகு செல்லலாம். யான் இப்போதும் பெருங்குளத்தைப் பற்றி வகுப்பில் பேசுகின்றேன். அதன் தரை சரிந்திருந்தது என்று சொல்லும் இடத்தில் மட்டும் முன்னைவிடச் சற்று நேரம் நின்று செல்கின்றேன்.